தலைமன்னார் ரயிலும் நமது உறவுகளும்

உங்கள் வீட்டில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய உம்மம்மா இருக்கிறாரா? அவரிடம் 'போட் மெயில்' என்று சொல்லிப் பாருங்கள். எத்தனையோ கதைகள் வரும்.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், இந்திய ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து கப்பலில் சுமார் 35 கிலோமீற்றர் கடலைக் கடந்தால் தலைமன்னார். இறங்குதுறையிலேயே கொழும்பு ரயில் காத்து நிற்கும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கட்! வியாபாரிகளும், அக்கரையில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்களும் இவ்வழியே வந்து போயினர்.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. 1980களில் போர்ச் சூழலால் அதுவும் நின்றது.

மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், முருங்கன், மன்னார், பேசாலை வழியாகச் செல்லும் சுமார் 106 கிலோமீற்றர் ரயில் பாதை 1990இல் மூடப்பட்டது. மன்னார்த் தீவுக்கான பாலமும் தகர்க்கப்பட்டது. தண்டவாளங்கள் காணாமற்போக, பாதையைக் காடு மூடியது.

அதே ஆண்டு ஒக்டோபரில்தான் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் தீவு மக்கள் பலர் பிள்ளைகளையும் முதியோரையும் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டியில் கரையேறினர். புத்தளம் மாவட்டம் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது.

புத்தளத்திலும் ரயில் உண்டு. ஆனால் அதில் ஏறி மன்னார் போக நினைத்தால், தெற்கே ராகமை வரை இறங்கி, வேறு ரயிலில் பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி என்று நாட்டையே சுற்றவேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கு இவ்வளவு தூரம்!

அல்ஹம்துலில்லாஹ், பாதை மீண்டும் போடப்பட்டது. 2013இல் மடு றோட் வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் ரயில் வந்தது. தண்டவாளம் திரும்புவதற்கே 25 ஆண்டுகள் சென்றன. அதற்குள் புத்தளத்தில் பிறந்த குழந்தை தாயாகிவிட்டாள். அவளுக்கு மன்னார் 'உம்மாவின் ஊர்' மட்டுமே.

இரும்புப் பாதையை அரசாங்கம் போடலாம். அறுந்த உறவை நாம்தான் போடவேண்டும். உறவைச் சேர்ந்து நடப்பது நமது மார்க்கக் கடமையல்லவா? அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு உம்மம்மாவின் ஊருக்குப் போய் வாருங்கள். எந்த வளவு யாருடையது, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், அயல்வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். அவரும் போய்விட்டால், இன்ஷா அல்லாஹ் என்று தள்ளிப்போட்ட அந்தப் பயணத்தில் வழிகாட்ட யார் இருப்பார்கள்?