மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? இழப்பீடு பெற விவசாயிகள் செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியில் வழக்கமாகப் பயிர் பற்றியும் பூச்சி, நோய் பற்றியும்தான் எழுதுவேன். இந்த முறை சாலையைப் பற்றி எழுதக் காரணம், பயிற்சி முகாம் முடிந்ததும் ஒரு விவசாயி என்னிடம் கேட்ட கேள்வி.

அவர் நெல் போட்டுவிட்டு கொள்முதல் நிலையத்திலிருந்து பைக்கில் திரும்பியிருக்கிறார். பின்னால் வந்த மினி லாரி மோதி வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லை. "கேஸ் போட்டாலும் ஒன்றும் கிடைக்காது, இருபதாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். லாரி அந்த வாரமே வெளியே போய்விட்டது. எட்டு மாதம் கழித்து இரண்டாவது அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அதற்காக இரண்டு கறவை மாடுகளை விற்றார். "இனி ஏதாவது வழி இருக்கிறதா சார்?" என்று கேட்டார்.

வழி இருந்தது. ஆனால் முதல் சில வாரங்களில் செய்ய வேண்டியதை அவர் செய்யவில்லை. அந்த நிலை உங்களுக்கு வராமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

"இன்சூரன்ஸ் இல்லை" என்பதில் பல வகை உண்டு

பொதுச் சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146 சொல்கிறது. 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்ற புது பைக்குகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே கொடுத்தார்கள். ஆறாவது ஆண்டில் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிராமச் சாலைகளில் காப்பீடு முடிந்த பைக்குகள் அதிகம் ஓட இது ஒரு காரணம்.

மோதிய வண்டியின் எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரியும். வாய்ப்பேச்சை நம்பாமல் முதலில் இதைப் பாருங்கள். மூன்று நிலைகளில் ஒன்று இருக்கும்.

1. காப்பீடு நடப்பில் இருக்கிறது. மரணம், காயம் இரண்டுக்கும் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு. இதற்கு பாலிசியில் தொகை உச்சவரம்பு கிடையாது. சொத்துச் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு. வழக்கமான பாலிசிகளில் கார், லாரிக்கு 7.5 லட்சம் ரூபாய், பைக்குக்கு 1 லட்சம் ரூபாய். உங்கள் டிராக்டர் சேதம், அடிபட்டு இறந்த மாடு எல்லாம் இந்த வரம்புக்குள் வரும். மாடு இறந்தால் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றை வாங்கி வையுங்கள்.

2. காப்பீடு இருக்கிறது, ஆனால் ஓட்டுநருக்கு உரிய உரிமம் இல்லை, அல்லது வேறு நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பல வழக்குகளில் நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. "பாலிசி செல்லாது" என்று நிறுவனம் சொன்னதும் ஒதுங்கிவிடாதீர்கள்.

3. காப்பீடே இல்லை. அப்போது ஓட்டுநரும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளரும்தான் பொறுப்பு. "வண்டியை விற்று இரண்டு வருஷம் ஆச்சு" என்று அவர் சொன்னாலும், பெயர் மாற்றப்படாதவரை அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டி எது என்றே தெரியாமல் போய்விட்டால் அது தனி வகை. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். இதற்கு வருவாய்த் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை

சிகிச்சைதான் முதலில். தமிழகத்தில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. மருத்துவமனையில் சேர்க்கும்போதே "சாலை விபத்து" என்று சொல்லி, வண்டி எண்ணையும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "கீழே விழுந்துவிட்டார்" என்று எழுதிவிட்டால் பின்னால் அந்த ஒரு வரியே வழக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதில் தேதி, நேரம், இடம், வண்டி எண் நான்கும் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விபத்து நடந்த இடத்தையும் வண்டிகள் நின்ற நிலையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

காவல்துறை விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாட்களிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அனுப்பியாகிவிட்டதா என்று நிலையத்தில் கேட்பது உங்கள் உரிமை.

வண்டியை விட்டுவிடாதீர்கள்

காப்பீடு இல்லாத வண்டி மோதி மரணமோ காயமோ ஏற்பட்டால், உரிமையாளர் போதிய பிணை கட்டாதவரை அந்த வண்டியை நீதிமன்றம் விடுவிக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை வலியுறுத்தியது; 2022-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் இது இருக்கிறது. பிணை கட்டவில்லை என்றால், வண்டியைக் கைப்பற்றி மூன்று மாதம் ஆனதும் அதை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை 15 நாளில் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் இல்லாத வழக்கில் உங்கள் கையில் இருக்கும் உறுதியான பிடி அந்த வண்டிதான். அது வெளியே போய்விட்டால், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் பணம் எங்கிருந்து வரும்? ஆகவே "இந்த வண்டிக்கு விபத்து நாளில் காப்பீடு இல்லை, பிணை பெறாமல் விடுவிக்க வேண்டாம்" என்று காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் மூலம் ஆட்சேபணை மனு போடுங்கள். நான் சொன்ன விவசாயி தவறவிட்டது இதைத்தான்.

வழக்கு எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பிரிவு 166-ன் கீழ் மனு செய்ய வேண்டும். மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில் இந்தத் தீர்ப்பாயம் இயங்குகிறது. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். "கால் சரியானதும் பார்க்கலாம்" என்ற எண்ணமும் வேண்டாம். சிகிச்சை நடக்கும்போதே மனு போடலாம், ரசீதுகளைப் பிறகு சேர்க்கலாம்.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கும் வழி பிரிவு 164-ல் இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துடன் பேசி முடித்து இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். நிரந்தர ஊனம் இருக்கிறது, வயது குறைவு என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விவசாய வருமானத்தை எப்படிக் காட்டுவது?

சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நமக்கு இல்லை. அதனால் தீர்ப்பாயம் ஒரு தொகையை உத்தேசமாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது குறைவாகத்தான் இருக்கும்.

"நிலம் அப்படியேதானே இருக்கிறது, வருமானம் எங்கே போயிற்று?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். இதில் ஓரளவு நியாயமும் உண்டு. 2003-ல் ஹரியானா வழக்கு ஒன்றில், நிலம் குடும்பத்திடமே இருப்பதால் முழு வருமானமும் போனதாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த விவசாயியின் உழைப்பும் மேற்பார்வையும் இல்லாமல் போனதற்கு இழப்பீடு உண்டு. ஆகவே "எனக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது" என்று சொல்வதைவிட, "நான் செய்த வேலையை இப்போது ஆள் வைத்துச் செய்கிறேன், இவ்வளவு கூலி ஆகிறது, இவ்வளவு நிலம் தரிசாகக் கிடக்கிறது" என்று காட்டுவதுதான் பலன் தரும்.

சேர்க்க வேண்டிய ஆவணங்கள்:

• விபத்துக்கு முந்தைய மூன்று பசலிக்கும், பிந்தைய பசலிக்கும் அடங்கல் நகல். பயிர் இருந்ததும் தரிசானதும் இதில் தெரியும்.
• சிட்டா. குத்தகைதாரர் என்றால் கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று.
• நெல் கொள்முதல் நிலையம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், சர்க்கரை ஆலை, கமிஷன் மண்டி ரசீதுகள்.
• பால் சங்கப் புத்தகம். விபத்துக்கு முன்பும் பின்பும் ஊற்றிய லிட்டர் கணக்கு.
• கூட்டுறவுச் சங்க, வங்கிப் பயிர்க்கடன் கணக்கு.
• விபத்துக்குப் பிறகு கொடுத்த உழவு, நடவு, தண்ணீர் பாய்ச்சும் கூலி. தேதியோடு நோட்டில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்துப் பெறுங்கள்.

அடிபட்டது பெண்கள் என்றாலும் இதே கணக்குத்தான். களை எடுப்பதும் மாடு பார்ப்பதும் வீட்டு வேலையும் வருமானத்துக்குரிய உழைப்பே என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

தொகை எப்படி வருகிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். வயது 42, மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்வோருக்கு, 40 முதல் 50 வயது வரை, எதிர்கால வருமான உயர்வுக்காக 25 சதவீதம் சேர்ப்பார்கள். மாதம் 15,000 ஆகிறது. ஆண்டுக்கு 1,80,000. 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கு எண் 14. உழைக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்றால், 1,80,000 x 14 x 30 சதவீதம் = 7,56,000 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, உதவியாளர் செலவு, போக்குவரத்து, வலி வேதனை, எதிர்கால அறுவைச் சிகிச்சை எல்லாம் தனித்தனியாக வரும். இருபதாயிரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதமும் உழைக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. முழங்கால் மடங்காத ஒருவர் மேசை வேலை பார்க்கலாம். சேற்றில் இறங்கி நடவோ, வரப்பு வெட்டவோ முடியாது. அதைச் சாட்சியத்தில் நீங்களே விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால்?

பிரிவு 174-ன்படி தீர்ப்பாயத்தில் மனு செய்தால், மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்று அனுப்புவார்கள். அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போல உரிமையாளரின் சொத்திலிருந்து வசூலிக்கலாம். ஆகவே உரிமையாளரின் வீடு, நிலம், வேறு வண்டி பற்றிய விவரங்களை முன்பே சேகரித்து வையுங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையா? வட்ட, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி 15100. "கிடைப்பதில் இத்தனை பங்கு" என்று கட்டணம் பேசுவது வழக்கறிஞர் விதிகளுக்கே முரணானது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். ஆனால் அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது, யோசித்துச் சம்மதியுங்கள்.

உங்கள் பெட்டியிலும் தேடுங்கள்

உங்கள் வண்டி பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கலாம். மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தும். உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்‌ஷா பீமா. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் இழப்புக்கு 1 லட்சம். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மோதியவர் காப்பீடு எடுக்காததால் இவை எதுவும் நின்றுவிடாது.

கடைசியாக ஒன்று. இதே சட்டம் நம் மீதும் திரும்பும். உங்கள் டிராக்டரும் டிரெய்லரும் காப்பீட்டில் இருக்கின்றனவா? டிரெய்லரில் கூலியாட்களை ஏற்றிப் போகும்போது விபத்து நடந்தால், நிறுவனம் பொறுப்பை மறுக்க வாய்ப்பு அதிகம். விற்ற பைக்கின் ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயர்தானா? இன்று மாலை பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் நாளை காலை வண்டியை எடுக்கும் முன் புதுப்பித்துவிடுங்கள். நம் வண்டி இன்னொரு விவசாயியின் மாட்டை விற்க வைக்கக் கூடாது.