பழைய இம்பாலாவுக்கு ஓர் எண்ணெய்க் கூலர்
வண்டி முதலாளியுடையது, பழி டிரைவர் தலையில்

தென் மும்பையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் பார்ப்பது பளபளக்கும் பெயின்டையும் குரோமியத்தையும்தான். ஆனால் ஸ்டியரிங் பிடித்திருக்கும் டிரைவரின் கவலை வேறு. முன்னால் போகிற வண்டி நடைவேகத்தில் போகிறது. நிற்கிறது. மறுபடி பத்தடி நகர்கிறது. அவர் வண்டி ஆட்டோமாட்டிக் கியர் உள்ள அமெரிக்க வண்டியாக இருந்தால், இந்த ஊர்வலமே அதற்கு ஆகாது. நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடினால் வராத சூடு இந்த இரண்டு கிலோமீட்டரில் வந்துவிடும். வெளியே தெரியாது, உள்ளே கியர் பாக்ஸ் எண்ணெய் கொதித்துக் கொண்டிருக்கும்.

இந்த நகருக்கும் அமெரிக்கக் கார்களுக்கும் உறவு பழையது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928ஆம் ஆண்டு சிவ்ரியில் தொழிற்சாலை திறந்து ஷெவர்லே வண்டிகளைப் பூட்டி விற்றது. 1954ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. அதன் பிறகு வந்த பெரிய கார்கள் இறக்குமதி மூலமும், வெளிநாட்டுத் தூதரகத்தார் விட்டுச் சென்றவற்றை அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றதன் மூலமும் வந்து சேர்ந்தவை. 1958ஆம் ஆண்டு அறிமுகமான இம்பாலாவைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய எத்தனையோ பேர் முதன்முதலில் வாய் பிளந்து பார்த்த கார் அதுவாகத்தான் இருக்கும்.

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் அந்த வண்டிகளுக்குக் கஷ்டகாலம் பிறந்தது. பலவற்றில் மூல இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினும் கையால் மாற்றும் கியரும் வைத்தார்கள். ஆகவே, கம்பெனி கொடுத்த இன்ஜினும் கம்பெனி கொடுத்த ஆட்டோமாட்டிக் கியரும் அப்படியே இருக்கும் வண்டி இன்று கிடைப்பது அபூர்வம். அப்படி ஒன்று பட்டறைக்கு வந்தால், அதைத் தொடுகிற கைக்குப் பொறுப்பு அதிகம்.

இரண்டு விசிறி போதும், விஷயம் புரியும்

கிளட்ச் மிதி இல்லாமல் வண்டி எப்படி நகர்கிறது? மேஜையில் இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் தானே சுற்றத் தொடங்கும். ஆட்டோமாட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியருக்கும் இடையே இருக்கிற டார்க் கன்வெர்ட்டரில் நடப்பது இதுதான். காற்றுக்குப் பதிலாக எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். இன்ஜின் பக்கத்து விசிறி சுற்றுகிறது. சக்கரத்தின் பக்கத்து விசிறியை நாம் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். நடுவில் எண்ணெய் அடிபட்டுச் சுழன்று சூடேறுகிறது. நின்று நின்று கிளம்பும்போதும், கண்டாலா மலைப்பாதையில் மெல்ல ஏறும்போதும் சூடு இன்னும் கூடும். இம்பாலாவின் எடை சுமார் 1,600 கிலோ. ஷெவர்லே 1950 முதல் கொடுத்து வந்த பவர்கிளைடு என்ற ஆட்டோமாட்டிக்கில் முன்னோக்கிப் போக இருப்பது இரண்டே கியர். ஆகவே டார்க் கன்வெர்ட்டரின் மேல் விழும் பாரம் கொஞ்சமல்ல.

இந்த எண்ணெய் சாதாரணக் கியர் எண்ணெய் அல்ல. சிவப்புச் சாயம் சேர்த்தது. கசிந்தால் இன்ஜின் ஆயிலா இதுவா என்று உடனே தெரிய வேண்டும் என்பதற்காக. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை அழுத்துவதும் அதுதான், பற்சக்கரங்களுக்கு வழுக்கல் கொடுப்பதும் அதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். ஒரு காலத்தில் இதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கூடச் சேர்த்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்ததும் அது நின்றது.

தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. எண்ணெயின் சூடு 80 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தால் அது சுமார் 1,60,000 கிலோமீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 91 டிகிரியில் 80,000. 102 டிகிரியில் 40,000. 113 டிகிரியில் 20,000. சுமார் 115 டிகிரியில் எண்ணெய் வார்னிஷ் போலப் படியத் தொடங்கும். 125ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகிப்போகும். அப்புறம் அழுத்தம் நிற்காது, பிளேட் வழுக்கும், வழுக்க வழுக்கச் சூடு இன்னும் ஏறும்.

"அண்ணாச்சி, டி-யில போட்டாலும் வண்டி நகர மாட்டேங்குது. இன்ஜின் மட்டும் உறுமுது" என்று டிரைவர் வந்து நிற்பது இந்தக் கட்டத்தில்தான். "டிப்-ஸ்டிக்கை உருவி மோந்து பாருப்பா" என்பதுதான் பெரிய மெக்கானிக்கின் முதல் பதிலாக இருக்கும். சிவப்பு போய்க் காப்பி நிறம் வந்து, தீய்ந்த வாடை அடித்தால், இனி மருந்தில்லை, அறுவைச் சிகிச்சைதான்.

பிளேட்டும் சீலும் இங்கே ஆப்பரா ஹவுஸ் கடைகளிலோ குர்லாவின் பழைய சாமான் சந்தையிலோ கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். பவர்கிளைடை அங்கே நேர்க்கோட்டு வேகப் பந்தயக்காரர்கள் இன்றும் விரும்புவதால் சாமான் கிடைத்துவிடும். ஆனால் விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்கத் தீர்வை என்று கணக்கு நீளும். முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எப்படி ஓட்டினாய்?" என்பது. நெரிசலில் நின்றது டிரைவரின் குற்றமல்ல. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பல வருஷத்து நல்ல பெயர் ஒரு தீய்ந்த வாடையில் போய்விடுகிறது.

கம்பெனி வைத்த கூலர் போதாதா?

அந்த வண்டிகளில் கூலரே இல்லை என்பதில்லை. கியர் பாக்ஸிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் முன்னே போய், ரேடியேட்டரின் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் ஒரு சிறு குழலில் சேரும். எண்ணெய் அதன் வழியே ஓடி, ரேடியேட்டர் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். குளிர் நாட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. காலையில் எண்ணெயைச் சீக்கிரம் சூடாக்கவும் உதவும்.

மும்பையில் வரும் சிக்கல் எளிமையானது. மே மாதத்து நெரிசலில் ரேடியேட்டர் தண்ணீரே 95 டிகிரியில் நிற்கும்போது, அதில் முக்கிய எண்ணெய் அதைவிடக் குளிர வழியில்லை. சுடுதண்ணீர்த் தவலைக்குள் மோர்ச் சொம்பை வைத்துவிட்டு மோர் குளிரட்டும் என்று காத்திருப்பது போலத்தான்.

இன்னொரு அபாயமும் உண்டு. அறுபது வருஷத்து ரேடியேட்டரில் அந்த உள்குழல் அரித்து ஓட்டை விழுந்தால், தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். டிப்-ஸ்டிக்கில் ரோஸ் மில்க் மாதிரி வந்தால் வண்டியை ஓர் அடி கூட ஓட்டக் கூடாது. தண்ணீர் பட்ட கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு உரிந்து வந்துவிடும். உள்குழலில் சந்தேகம் இருந்தால் ரேடியேட்டரை முதலில் சரிசெய்ய வேண்டும். அல்லது உள்குழலைத் தவிர்த்துவிட்டு, எண்ணெய் முழுவதையும் போதிய அளவுள்ள வெளிக் கூலர் வழியே அனுப்ப வேண்டும்.

வெளிக் கூலர் என்பது சின்ன ரேடியேட்டர்தான். எண்ணெய்க்கென்றே தனியாக, காற்று படும்படி முன்பக்கம் வைப்பது. இதில் புதுமை ஏதும் இல்லை. மின்சார ரயில் இன்ஜினில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கும் இப்படிக் கூலரும், அதற்குக் காற்றடிக்கும் விசிறியும் உண்டு. வளைந்த குழாயில் தகடு கோத்த ரகம் விலை குறைவு. தட்டுத் தட்டாக அடுக்கிய ரகம் அதே அளவில் அதிகம் குளிர்விக்கும். இம்பாலா போன்ற பளுவான வண்டிக்குத் தட்டு ரகமே நல்லது. கியர் பாக்ஸைத் திறக்க ஆகும் செலவில் கூலரின் விலை ஒரு சிறு பங்கு.

கை வைக்கும் இடம்

பொருத்துவது அரைநாள் வேலை. ஆனால் அரைகுறையாகச் செய்தால், செய்யாமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும்.

இரண்டு குழாயில் எது போகிறது, எது திரும்புகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஊகித்துப் பயனில்லை. ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு குழாயைக் கழற்றி, அடியில் டிரே வைத்து, இன்ஜினை ஓரிரு வினாடி மட்டும் ஓடவிட வேண்டும். கழற்றிய குழாயிலிருந்து எண்ணெய் வந்தால் அது கியர் பாக்ஸிலிருந்து வரும் குழாய். ரேடியேட்டரின் வாயிலிருந்து வந்தால், கழற்றியது திரும்பும் குழாய். வெளிக் கூலரைச் சேர்க்க வேண்டியது திரும்பும் குழாயில். ரேடியேட்டரில் பாதிச் சூட்டை விட்டுவிட்டு வரும் எண்ணெய், வெளிக் கூலரில் மீதியையும் விட்டுவிட்டு நேரே கியர் பாக்ஸுக்குப் போகும்.

ரப்பர் ஹோஸ் விஷயத்தில்தான் பல பட்டறைகள் கோட்டை விடுகின்றன. தண்ணீர் ஹோஸும் கூடாது, பெட்ரோல் ஹோஸும் கூடாது. ஆட்டோமாட்டிக் எண்ணெயின் சூட்டைத் தாங்கும் என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். இரும்புக் குழாயை அறுத்த இடத்தில் முனையை மழமழவென்று விடாமல், விளிம்பைச் சற்றுப் புடைக்கச் செய்து, அதன் பின்னால் கிளாம்ப் போட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் ஹோஸ் நழுவும். பம்ப் எண்ணெயைச் சாலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். டிரைவருக்குத் தெரிவதற்குள் கியர் பாக்ஸ் வறண்டுவிடும். சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் அந்த எண்ணெய் பட்டால் தீயும் பிடிக்கும். ஹோஸை எக்ஸாஸ்ட், விசிறி, பெல்ட் எதையும் தொடாத வழியில் கொண்டு போக வேண்டும்.

கூலரோடு நீளமான பிளாஸ்டிக் ஊசிகள் சில கொடுப்பார்கள். ரேடியேட்டர் தகடுகளின் இடையே குத்தி இழுத்துக் கட்டிவிடலாம். பத்து நிமிஷ வேலை. அந்த ஊசியைத் தொடவே கூடாது. வண்டி அதிர அதிர அது ரேடியேட்டர் குழாயைத் தேய்த்து ஓட்டை போடும். இரும்புப் பட்டையில் சிறு தாங்கி செய்து, ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளிலேயே மாட்டலாம். ரேடியேட்டரிலிருந்து அரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். கூலரின் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று அடைபடும்.

வண்டியின் உடம்பில் டிரில் போடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசு 2021ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களை விண்டேஜ் என்று தனி எண்வரிசையில் பதிவு செய்யலாம். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கழற்றினால் தடம் தெரியாத கூலரை இந்த விதி தடுக்கவில்லை. ஆனால் முகப்பை அறுத்து வெல்டிங் வைத்துவிட்டு, அப்புறம் அதிகாரியிடமும் முதலாளியிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது யார்?

நெரிசலில் நின்றால் காற்றே வராதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்ஜின் விசிறி மெதுவாகச் சுற்றும்போது கூலருக்கும் காற்று குறைவுதான். சிறிய மின்விசிறி ஒன்றைக் கூலரோடு சேர்த்து வைக்கலாம். பழைய டைனமோ உள்ள வண்டியில், ஹெட்லைட்டோடு விசிறியையும் அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. விசிறி இல்லாவிட்டாலும், நீண்ட சிக்னலில் நியூட்ரலில் போட்டு நிற்கலாம். இதற்குச் செலவே இல்லை.

ஏற்கெனவே ஒருமுறை கியர் பாக்ஸ் கருகிய வண்டியானால், பழைய குழாயையும் ரேடியேட்டரின் உள்குழலையும் கழுவாமல் எதையும் பூட்டக் கூடாது. கருகிய பிளேட் தூளும் உலோகத் துகளும் அங்கேதான் தங்கியிருக்கும். புதிதாகப் பிரித்துப் பூட்டிய கியர் பாக்ஸுக்குள் அவை ஓடி வந்து மறுபடி கெடுக்கும். இரண்டாம் தடவை திறப்பது மெக்கானிக்கின் சொந்தச் செலவில். அன்றைய கூலியும் போய், சாமான் காசும் போய், வாடிக்கையும் போய்விடும்.

எல்லாம் முடிந்ததும், புதுக் கூலரும் ஹோஸும் குடித்த எண்ணெயை ஊற்றி நிரப்ப வேண்டும். அளவு பார்ப்பது சமதரையில், எண்ணெய் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே. அதிகமாக ஊற்றினாலும் நுரைக்கும். குறைவைப் போலவே அதுவும் கெடுதல். பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, கூலருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்த்தால், வெளியே வருவது சூடு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் எங்கோ காற்று தடைபட்டிருக்கிறது. இரண்டும் சில்லென்று இருந்தால் எண்ணெயே ஓடவில்லை. உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்துச் சிவப்புச் சொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளாம்புகளை இன்னொரு சுற்று இறுக்கிய பிறகே முதலாளியிடம் சாவியைக் கொடுப்பது வழக்கம்.