வீதியின் ஏற்றமும் அதனைக் குறிக்கும் முறையும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொடங்கப்பெற்று, பல நாட்டவர் தத்தம் ஊர் வீதிகளைத் தாமே குறித்து வளர்த்துவரும் உலகப்படமாகும். பலர் கூடி வரையும் படத்திலே ஒரு வீதியின் ஏற்றத்தை எவ்வாறு குறிப்பது? சமநிலத்தில் வளர்ந்தவர் 'செங்குத்து' என்பதை மலைநாட்டவர் 'சிறிய ஏற்றம்' என்பர். இருவரும் பொய்யுரைத்தாரல்லர், எனினும் அச்சொற்களை நம்பிப் புறப்படும் சக்கரநாற்காலிக்காரர் இடர்ப்படுவர்.

ஆதலின் எண்ணாற் குறித்தலே தக்கதென்று நாம் கருதுகின்றோம். கிடையாக 100 அடி செல்ல 10 அடி உயருமாயின் சாய்வு 10 வீதம். 'பத்துக்கு ஒன்று' என்னும் பழைய வழக்கும் இதுவே. இதனைப் பாகையென மயங்கலாகாது. 10 வீதம் ஏறத்தாழ 5.7 பாகையேயாம், 100 வீதமும் 45 பாகையேயன்றி நிலைக்குத்தன்று.

திசையும் வேண்டும். மேற்கூறிய படத்தில், வீதிக்கோடு வரையப்பட்ட திசையில் ஏறுவது நேரெண், இறங்குவது மறையெண். கோட்டைத் திருப்புபவர் குறியை மாற்ற மறப்பின் ஏற்றம் இறக்கமாய்விடும்.

அளக்கும் இடமும் வேண்டும். 2019இல் வேல்ஸ் நாட்டு ஹார்லெக்கிலுள்ள வீதியொன்று, 37.45 வீதச் சாய்வுடன், உலகின் மிகச் செங்குத்தான வீதியெனக் கின்னஸ் பதிவு பெற்றது. அவ்வளவு வளைவின் உட்பக்கத்தில் எடுக்கப்பட்டது. நடுக்கோட்டில் அளத்தலே முறையென 2020இல் முடிவாகவே, அது 28.6 வீதமாயிற்று. நியூசிலாந்தின் டனீடின் நகரத்துப் போல்ட்வின் வீதி, 34.8 வீதத்துடன், பட்டத்தை மீளப் பெற்றது. வீதிகள் மாறவில்லை, அளந்த இடமே மாறியது.

அங்ஙனமாயின் அடைமொழிகள் வேண்டாவோ? வேண்டும், ஆனால் அவை எண்ணிலிருந்தே பிறத்தல் வேண்டும். பிரித்தானிய நில அளவைப் படங்களில் 14 முதல் 20 வீதம் வரை ஓர் அம்புக்குறியும், அதற்கு மேல் இரண்டும் இடப்படும். அது வாகனம் செலுத்துவோர்க்குப் போதும். ஆனால் அமெரிக்க விதிகள் சக்கரநாற்காலிச் சாய்தளத்துக்கு அனுமதிக்கும் மேலெல்லை 12க்கு 1, அதாவது 8.3 வீதமே. ஆகவே அம்புக்குறி இல்லாத 12 வீத வீதியும் அவருக்கு அரிய வீதியாகும்.

எண்ணை எழுதிவைத்தால் அவரவர் தமக்கேற்ற அடைமொழியை அதிலிருந்து பெறலாம். அடைமொழியை மட்டும் எழுதிவைத்தால் எண்ணை எவரும் மீளப் பெறார். பொதுப்பணியிற் கைகோப்போர் மனங்கொள்ளத்தக்கது இதுவே.