ஸ்டார்ச் கம்பெனி ஆள், 40 சீசன் கோச்... தெரியுமா?

திருவள்ளூரை ஒட்டிய மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் கம்பெனி ராட்சத சுரங்க லாரிகளைத் தயாரிப்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதே கம்பெனி சுரங்க லாரி செய்யும் இன்னோர் ஊர் அமெரிக்காவின் டிகேட்டர். அந்த டிகேட்டரில், ஒரு மக்காச்சோள ஸ்டார்ச் ஃபேக்டரியில்தான் சிகாகோ பேர்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி பிறந்தது தெரியுமா?

1920-ல் ஸ்டேலி என்ற ஸ்டார்ச் முதலாளி, தன் கம்பெனி டீமை நடத்த ஜார்ஜ் ஹாலஸ் என்ற 25 வயது இளைஞரை வேலைக்கு எடுத்தார். ஹாலஸ் கேட்டது என்ன தெரியுமா? ஆட்டக்காரர்களுக்கு ஃபேக்டரியில் வேலை. தினமும் வேலை நேரத்திலேயே பயிற்சி. அதற்குச் சம்பளமும் உண்டு! முதலாளி சரி என்றார். (இப்படி ஒரு முதலாளி நமக்கு வாய்க்கவில்லையே!)

அந்த ஆண்டு செப்டம்பர் 17-ல் கேன்டன் நகரத்துக் கார் ஷோரூம் ஒன்றில் அணிக்காரர்கள் கூடினார்கள். நாற்காலி போதாமல் ஹாலஸ் ஒரு காரின் படியில் உட்கார்ந்தார். அன்று உருவான சங்கம்தான் அமெரிக்கன் ஃபுட்பாலின் இன்றைய லீக்கான என்.எஃப்.எல்!

மறு வருடம் வியாபாரம் படுத்தது. ஸ்டேலி 5,000 டாலரையும் டீமையும் ஹாலஸிடமே கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு சீசனுக்குக் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஓனர், கோச், ஆட்டக்காரர் மூன்றும் ஒரே ஆள்! 1923-ல் ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப்பின் கையிலிருந்து நழுவிய பந்தை அள்ளிக்கொண்டு 98 கெஜம் ஓடினார், தோர்ப் பின்னாலேயே துரத்தத் துரத்த. அந்தச் சாதனை 1972 வரை நின்றது.

கோச்சாக? 40 சீசன், 6 பட்டம், 324 வெற்றி! 1940 இறுதியாட்டத்தில் வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கினார். அவருடைய வெற்றிக் கணக்கை 1993-ல்தான் இன்னொருவர் தாண்டினார்.

நம்மூரில் ஏது அந்த ஆட்டம் என்கிறீர்களா? ஓடிவரும் ஆளைப் பிடித்துச் சாய்ப்பதில் கபடி என்ன குறைச்சல்? ஹெல்மெட்கூட இல்லாமல்! தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் 41 வயதில், 2016-ல், பாட்னா அணியின் கேப்டனாக ப்ரோ கபடி பட்டம் வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 46 வயதிலும் ஜெய்ப்பூருக்காகக் களமிறங்கியவர், 2024-ல் தமிழ் தலைவாஸின் வியூகப் பயிற்சியாளர். சக வீரர்கள் வடக்கத்தியர்களானாலும் அவரைக் கூப்பிடுவது ‘அண்ணா’ என்றுதான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் முதலாளிகளே, ஸ்டேலி செய்தது பெரிய செலவில்லை. சுற்றுக் கிராமத்துக் கபடிப் பையன்களுக்கு ஒரு வேலையும், ஷிஃப்டில் இரண்டு மணி நேரமும் கொடுத்துப் பாருங்கள்.