காய்ச்சலின்றி வரும் மலேரியா

உள்நாட்டில் தொற்றிய மலேரியா இலங்கையில் 2012 ஒக்டோபருக்குப் பின்னர் நீண்ட காலம் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனினும் வெளிநாடுகளிலிருந்து இந்நோயுடன் வருவோர் ஆண்டுதோறும் கண்டறியப்பட்டே வருகின்றனர். காய்ச்சலுடன் வருபவர் தாமாகவே வைத்தியரை நாடுவார். காய்ச்சலே இல்லாமல் வருபவரை யார் தேடுவது?

மலேரியா மலிந்த ஆபிரிக்க நாடுகளில் வளர்ந்தோர் பலமுறை தொற்றுக்குள்ளாகி ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பர். அவர்களது குருதியில் ஒட்டுண்ணி மாதக்கணக்கில் தங்கியிருந்தாலும் நோய்க்குறி தென்படாது. நோயற்ற நாட்டில் குடியேறிய பின்னர் அச்சக்தி படிப்படியாகக் குன்றும்போது திடீரெனக் காய்ச்சல் காணலாம்; கர்ப்பிணிகளுக்கு இது மேலும் ஆபத்தானது. ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருப்பின் நுணுக்குக்காட்டிப் பரிசோதனையிலும் அது தப்பிவிடும்.

இந்தியாவிலும் காணப்படும் விவாக்ஸ் வகையோ வேறு விதமானது. அது ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்களின் பின்னர் விழித்தெழும். உறங்கும் நிலையில் அதனைக் குருதிப் பரிசோதனையால் காண இயலாது. யுத்த காலத்தில் தமிழகம் சென்று மீண்ட குடும்பங்களும், வணிகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் கடல் கடப்போரும் மட்டக்களப்பில் உள்ளனர் என்பதால் இது எமக்கு அந்நிய விடயமன்று.

நோய் ஒழிந்ததேயன்றி அதனைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு ஒழியவில்லை. கிழக்குக் கரையோரத்தில் அவ்வினத்தின் சில வகைகள் உவர்நீரிலும் பெருகுவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே பதிவாகினர். விழிப்புத் தளர்ந்ததும் 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2018 டிசம்பரில், இந்தியாவிலிருந்து மொனராகலைக்கு வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு நுளம்பு வழியே நோய் தொற்றியது. உரிய வேளையில் அது கட்டுப்படுத்தப்பட்டது.

இன்று காய்ச்சல் என்றதும் டெங்குப் பரிசோதனையே முதலில் செய்யப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால் கடந்த ஓராண்டுக்குள் எந்நாடு சென்று வந்தோம் என்பதையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். ஆபிரிக்காவுக்குச் செல்வோர் பயணத்துக்கு முன்னரே மலேரியாத் தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரையை இலவசமாகப் பெறலாம். விவாக்ஸ் தொற்றுக்கு ஆளானோர் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடாது, வைத்தியர் தரும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்களும் உட்கொள்ள வேண்டும். ஈரலில் உறங்குவதை அழிப்பது அம்மாத்திரையே.