சிறுநீரகக் கல் ஐயத்தில் எடுக்கப்படும் ஸ்கேனும் தற்செயல் கண்டறிவுகளும்

திறவுச்சொற்கள்: சிறுநீரகக் கல், சி.டி. ஸ்கேன், தற்செயல் கண்டறிவு, நீர்க்கட்டி, பெருந்தமனி வீக்கம்

முன்னுரை

விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் கடும் வலியுடன் வருவோர்க்குச் சிறுநீரகக் கல் இருக்கலாம் என்னும் ஐயத்தில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. இப்படத்தில் கல் மட்டுமன்றி, நுரையீரலின் அடிப்பகுதி முதல் இடுப்பெலும்பு வரையிலான உறுப்புகளும் பதிவாகின்றன. வலியோடு தொடர்பின்றி அதில் தென்படுபவை தற்செயல் கண்டறிவுகள் எனப்படும். அவற்றைத் தரம்பிரிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வலிக்கான மாற்றுக் காரணங்கள்

குடல்வால் அழற்சி, சூலகம் முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவையும் கல்வலியை ஒத்த வலியைத் தரும். இவை தற்செயல் கண்டறிவுகள் ஆகா. வலிக்கான விடையே ஆகும். வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் கசியும்போதும் வெடிக்கும்போதும் இத்தகைய வலி தோன்றுவதுண்டு. முதியவர்க்கு முதன்முறையாக வரும் விலாவலியைக் கல்வலி என்று உடனே முடிவுசெய்யலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

தீங்கற்றவை

படத்தில் தெரியும் திசுக்களின் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகால் அளக்கப்படுகிறது. இவ்வளவையில் நீரின் மதிப்பு 0. காற்றின் மதிப்பு -1000. சீரான அடர்த்தியுடன் -10 முதல் 20 அலகு வரை அமையும் சிறுநீரகக் கட்டி பெரும்பாலும் எளிய நீர்க்கட்டியே; அதற்குத் தொடர் சோதனை வேண்டியதில்லை. அட்ரீனல் சுரப்பியில் காணப்படும் சீரான கட்டி 10 அலகுக்கு மேற்படாதிருப்பின், அது கொழுப்பு மிகுந்த தீங்கற்ற கட்டியாகக் கருதப்படும். ஆயினும், அது ஹார்மோனை மிகையாகச் சுரக்கிறதா என்பதைப் படம் காட்டாது. அதற்குத் தனிச் சோதனைகள் உள்ளன.

தொடர் கவனம் வேண்டுபவை

20 முதல் 70 அலகு வரையிலான சிறுநீரகக் கட்டியின் தன்மையை, கல்லுக்காக எடுக்கப்படும் ஸ்கேனைக் கொண்டு மட்டும் உறுதிசெய்ய இயலாது. கல்லைக் காண நிறமூட்டும் மருந்து தேவையில்லை என்பதால் அது செலுத்தப்படுவதில்லை. கட்டியின் இயல்பை அறியவோ அம்மருந்து தேவைப்படுகிறது. எனவே மற்றொரு சோதனை இன்றியமையாததாகிறது. 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்த வயிற்றுப் பெருந்தமனியும் காலமுறைக் கண்காணிப்புக்கு உரியது.

முதல் சோதனையின் தேர்வு

தற்செயல் கண்டறிவுகளின் எண்ணிக்கை முதலில் எடுக்கப்படும் படத்தைப் பொறுத்தும் அமைகிறது. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 15 அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் 2,759 நோயாளிகளை ஆராய்ந்தது. முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டோர்க்கும் சி.டி. எடுக்கப்பட்டோர்க்கும் இடையே, தவறவிடப்பட்ட கடும் நோய்களால் நேர்ந்த சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கதிர்வீச்சு அளவு அல்ட்ராசவுண்ட் பிரிவினர்க்குக் குறைவாக இருந்தது.

முடிவுரை

தீங்கற்ற கட்டியைத் தொடர்ந்து சோதிப்பதால் அச்சமும் செலவும் பெருகுகின்றன. கவனிக்க வேண்டிய கட்டியை விட்டுவிடுவதால் உயிருக்கு ஊறு நேரலாம். கல் வெளியேறி வலி நின்றதும் ஸ்கேன் அறிக்கை மறக்கப்படுவது இயல்பு. ஆகவே கட்டியின் அளவு, தேவைப்படும் அடுத்த சோதனை, அதற்குரிய காலம் ஆகிய மூன்றும் நோயாளி வீடு திரும்பும்போது பெறும் குறிப்பில் இடம்பெற வேண்டும். அவர் அறிந்த மொழியில் எடுத்துரைக்கப்படவும் வேண்டும்.