பிளஸ் டூ ஆண்டில் உறக்கமும் உடலும்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் ஒரு வித்தியார்த்திக்கு, எந்தப் பாடத்தை எப்போது படிப்பது, யாரிடம் டியூஷன் வைத்துக்கொள்வது, 600 மதிப்பெண்ணில் எத்தனை வாங்கினால் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் உபதேசம் செய்ய வீட்டாரும் சுற்றத்தாரும் பலர் முன்வருவர். எத்தனை மணி நேரம் உறங்க வேண்டும் என்று சொல்லுவார் அரியர். தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியது முதற்கொண்டு, இவ்வகுப்பு ஒரு மாணவனின் படிப்பு என்ற அளவில் நில்லாமல், குடும்பம் முழுவதும் ஏற்கும் ஒரு விரதமாகவே வளர்ந்துவிட்டது. தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது, கல்யாணங்களுக்குத் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் போய் வருகிறார். இத்தியாகங்களில் சில பிரயோஜனமானவையே. ஆனால் மார்ச் மாதப் பரீட்சைக்காக ஜூன் மாதத்திலிருந்தே பிள்ளையின் நித்திரையையும் ஆகாரத்தையும் குறைக்கத் தொடங்குவது, எந்த மூளையை நம்பி இத்தனை முயற்சியும் நடைபெறுகிறதோ அந்த மூளையையே நலியச் செய்வதாகும்.

கற்றது நிலைபெறும் நேரம்

1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இரு உளநூல் அறிஞர், பொருளற்ற அசைகளை இரண்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்து, சில வேளைகளில் உறங்கவிட்டும் சில வேளைகளில் விழித்திருக்கச் செய்தும் ஞாபகத்தைச் சோதித்தபோது, உறங்கி எழுந்தபின் நினைவில் நின்றவை, அதே கால அளவு விழித்திருந்தபின் நின்றவற்றினும் மிகுதியாயிருக்கக் கண்டனர். பகலில் கற்றவை ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் தற்காலிகமாகத் தங்கி, ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையின் புறணியில் படிப்படியாக நிலைகொள்கின்றன என்பது பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டும் விளக்கம். அவ்வாறாயின், நள்ளிரவு கடந்தும் விழித்துப் படிக்கும் மாணவன், மாலையில் தான் கற்றதையே சேமிக்கவிடாமல் தடுக்கிறான் என்றாகிறது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென்பது உறக்க மருத்துவர்களின் முடிவு. இப்பருவத்தில், உறக்கத்தைக் கொணரும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதித்தே எழுகிறது. ஆகையால் ஒன்பது மணிக்குக் கண் சொருகாத பிள்ளையையோ, காலையில் எழ இயலாத பிள்ளையையோ சோம்பேறி என்று கடிந்துகொள்வது நியாயமன்று. விடியற்காலைப் படிப்பே சிறந்தது என்ற வழக்கம், இருட்டியவுடன் உண்டு உறங்கிய காலத்தில் உண்டானது. பன்னிரண்டு மணிக்குப் படுத்தவனை நாலரை மணிக்கு எழுப்புவோர், அவ்வழக்கத்தின் முற்பாதியை விட்டுவிட்டுப் பிற்பாதியை மட்டும் கைக்கொள்கிறார்கள். இரவு ஒன்பதரைக்குப் படுப்பவன் ஐந்தரைக்கு எழுந்து படிக்கட்டும், அதில் குற்றமில்லை. உறக்கம் கலைய இரவு பத்து மணிக்குத் தாய் அன்போடு கொடுக்கும் காபியில் உள்ள காஃபீனில் ஏறக்குறையப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் சரீரத்தில் இருக்கும். கைப்பேசியோ, படுக்கையறைக்கு வெளியே இரவைக் கழிப்பதே நலம்.

ஆகாரமும் இரத்தமும்

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்காகக் காலை உணவைத் துறக்கும் பிள்ளைக்கு, இரண்டு இட்லியையோ ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழையோ கையில் கொடுத்தனுப்புவது பெரிய காரியமன்று. அதனை உண்ணப் பத்து நிமிஷம் விடுவது ஆசிரியருக்கும் சிரமமன்று.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஆழ்ந்த கவலைக்கு இடமிருக்கிறது. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படித்த வரியையே மறுபடியும் படிப்பது, பிற்பகலில் தலை சாய்வது ஆகியவற்றை வீட்டார் அசிரத்தை என்று கருதிக் கோபிக்கும்போது, அப்பெண்ணின் குருதியில் இரும்புச்சத்து குன்றியிருப்பது யாருக்கும் தெரிவதில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைக் குமட்டுமென்று அஞ்சிப் பையில் போட்டுக்கொண்டு வருபவர் பலர். உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும், மலம் கறுத்துப் போவதால் தீங்கில்லை. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு ஏறாது தடைபடும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதனைக் கிரகிக்கத் துணைசெய்யும். சோர்வு நீங்காவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது அவசியம்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

பள்ளிக் கழிவறை அசுத்தமாயிருப்பதால் காலைமுதல் மாலைவரை ஒரு வாய்த் தண்ணீரும் பருகாமல் இருந்துவிடும் மாணவியர் உண்டு. தலைவலியும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும், அடிவயிற்று வலியும், சில வேளை காய்ச்சலும் இதனால் வருவன. மாணவியைப் பார்த்துத் தண்ணீர் குடி என்று புத்தி சொல்வதோடு நம் கடமை தீராது. பூட்டும் தண்ணீரும் உள்ள கழிவறையை, மாதவிடாய்த் துணியைப் போடும் மூடிய தொட்டியோடு அமைத்துத் தரும்படி பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்பதும் நம் கடமையே.

விளையாட்டுப் பாடவேளை

கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்ட விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பித் தர வேண்டும். பதினேழு வயது வரை நாள்தோறும் 60 நிமிஷ தேகாப்பியாசம் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். வெட்டவெளியில் கழியும் பொழுது கிட்டப்பார்வை உண்டாவதைத் தடுக்கவும் உதவுகிறது. படிக்கும்போது இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தை நோக்கிக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

மனம் தளரும்போது

பரீட்சைக்கு முன் சிறிது அச்சம் எழுவது இயல்பு, அது வியாதியன்று. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, நண்பர்களைத் தவிர்த்து, தான் இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஒரு பிள்ளையின் வாயில் வருமானால், அதை நடிப்பென்று தள்ளாமல், சாக வேண்டுமென்ற எண்ணம் வருகிறதா என்று அன்போடு நேரே கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடாது; சொல்ல முடியாமல் தவித்த பிள்ளைக்கு அது பெரும் ஆறுதலாகும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடு முழுவதும் 14416 என்ற எண்ணிலும் இரவு பகலாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. தேறாதவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டென்பதையும், எத்தனை மதிப்பெண் வந்தாலும் வீட்டில் பிள்ளையின் இடம் மாறாதென்பதையும், முடிவு வெளிவரும் நாளில் அவசரமாகச் சொல்லாமல், இந்த ஜூன் மாதத்திலேயே தந்தையும் தாயும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சொல்லட்டும். முடிவு வரும் அன்று இருவரில் ஒருவராவது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கட்டும்.